வெனிலா நெற்று ஊறும்போது என்ன நடக்கிறது?

கரிய நிறத்தில் சுருங்கி, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் இருக்கும் வெனிலா நெற்றை நெடுக்காகக் கீறி, வோட்கா நிறைந்த கண்ணாடிச் சீசாவில் போட்டு, அசைக்காமல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், கொஞ்ச நேரத்தில் கீறலின் ஓரத்திலிருந்து தேன்நிற இழைகள் மெல்லக் கீழே இறங்குவது தெரியும். நெற்றிலுள்ள சர்க்கரை கரைந்து, சுற்றியுள்ள திரவத்தைவிட அடர்த்தி கூடி, தன் எடையாலேயே அடியில் போய்த் தேங்குகிறது. சில நாட்களில் சீசா முழுவதும் இளம்பழுப்பாகிவிடும். சாறு இறங்கிவிட்டது என்று பலரும் நினைத்துக்கொள்வது அப்போதுதான். ஆனால் நிறம் வேறு, மணம் வேறு. முதலில் வெளியே வருபவை நீரில் எளிதாகக் கரையும் சர்க்கரையும் பழுப்பு நிறமிகளுமே. மணத்துக்குரிய பொருள்களில் பல அந்த நேரத்தில் நெற்றின் உள்ளேயே இருக்கின்றன.

நெற்றில் அந்த மணம் எப்படி வந்தது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் கொடியிலிருந்து பறித்த பச்சை வெனிலாக் காய்க்கு மணமே கிடையாது. வெனிலா ஓர் ஆர்க்கிட் கொடி. அதன் தாயகம் மெக்சிகோவும் அதை அடுத்த நடு அமெரிக்கப் பகுதிகளும் ஆகும். பூ ஒரே நாள்தான் மலர்ந்திருக்கும். மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே ஒரு சிறு மடல் தடுப்பாக நிற்பதால், பூ தானாகக் காயாவது அரிது. 1841ஆம் ஆண்டு, இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்த எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன், ஒரு சிறு குச்சியால் அந்த மடலை விலக்கி விரலால் மகரந்தத்தை ஒற்றும் முறையைக் கண்டறிந்தான். தாயகத்துக்கு வெளியே இன்றும் ஒவ்வொரு பூவுக்கும் அதே கைவேலைதான். வெனிலா விலை உயர்ந்ததாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காய் முற்றுவதற்கு எட்டு ஒன்பது மாதங்கள் ஆகின்றன. வெனிலா மணத்துக்கு முதன்மைக் காரணமான வெனிலின் என்னும் மூலக்கூறு, அதனுள் குளுக்கோஸ் மூலக்கூறு ஒன்றோடு பிணைந்து குளுக்கோவெனிலின் என்ற வடிவில் இருக்கிறது. சர்க்கரையோடு பிணைந்திருக்கும்வரை அது காற்றில் ஆவியாகாது; ஆவியாகாத பொருள் மூக்கை எட்டாது. அந்தப் பிணைப்பை அறுக்கக்கூடிய நொதியும் அதே காயில் உண்டு, ஆனால் திசுவுக்குள் இரண்டும் தனித்தனி அறைகளில் அடைபட்டிருக்கின்றன. பறித்த காய்களை ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் சில நிமிடங்கள் முக்கி எடுப்பது அந்த அறைச்சுவர்களை உடைப்பதற்காகத்தான். பிறகு துணியில் சுற்றி வியர்க்க வைத்து, வெயிலிலும் நிழலிலும் மாற்றி மாற்றி உலர்த்தி, பெட்டிகளில் மூடி வைத்து மாதக்கணக்கில் பதப்படுத்தும்போது நொதி தன் வேலையைச் செய்து முடிக்கிறது. ஐந்தாறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோ நெற்றாகச் சுண்டுகிறது. பச்சைக் காயை நேரடியாகச் சாராயத்தில் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே விடை இருக்கிறது: ஆல்கஹால் நொதியைச் செயலிழக்கச் செய்துவிடும், மணம் பிறக்க வழியில்லாமல் போகும்.

இனி சீசாவுக்கு வருவோம். வெனிலாச் சாறெடுக்க ஆல்கஹால் ஏன் தேவை என்ற கேள்விக்கு, வெனிலின் நீரில் கரையாது என்ற பதிலே வழக்கமாகச் சொல்லப்படுகிறது. ஒரு சிறு கணக்கு போட்டாலே இது சரியில்லை என்று புரிந்துவிடும். நன்கு பதப்படுத்திய நெற்றில் வெனிலின் அதன் எடையில் 2 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். ஒரு லிட்டர் திரவத்துக்கு 100 கிராம் நெற்று என்று வைத்துக்கொண்டால், அதில் கிடைக்கக்கூடிய வெனிலின் மொத்தமே 2 கிராம்தான். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் வெறும் நீரே ஏறத்தாழ 10 கிராம் வெனிலினைக் கரைத்துக்கொள்ளும். அப்படியானால் வெனிலினைப் பொறுத்தவரை நீரே போதும். போதுமென்ன, தேவையைப்போல் ஐந்து மடங்கு இடம் இருக்கிறது.

ஆல்கஹால் தேவைப்படுவது வெனிலினோடு கூட இருப்பவற்றுக்காக. நெற்றில் மணமுள்ள சேர்மங்கள் இருநூறுக்கும் மேல் உள்ளன. புகைவாசம், பழவாசம், உலர்ந்த திராட்சையை நினைவூட்டும் கனமான இனிப்பு வாசம் ஆகியவை அவற்றிலிருந்தே வருகின்றன. அவற்றில் பல, விதைகளைச் சூழ்ந்திருக்கும் எண்ணெய்ப் பசையிலும் பிசினிலும் கரைந்து கிடக்கின்றன. நீரால் அந்தப் பசையைத் தொட முடிவதில்லை. வோட்காவில் இருக்கும் ஆல்கஹாலின் வேதிப்பெயர் எத்தனால். அதன் மூலக்கூறின் ஒரு முனை நீரோடு உறவாடும் ஹைட்ராக்சில் தொகுதி. மறுமுனையோ எண்ணெயோடு ஒட்டக்கூடிய சிறிய கார்பன் வால். இந்த இரட்டைக் குணத்தால் அது பசைக்குள் நுழைந்து, அங்கிருப்பவற்றைத் திரவத்துக்குள் கொண்டுவருகிறது. கிருமிகளையும் பூஞ்சையையும் வளரவிடாமல் தடுப்பது அதன் இரண்டாவது வேலை.

அப்படியென்றால் 95 விழுக்காடு ஆல்கஹாலே மேலானது அல்லவா என்று தோன்றும். அங்கேதான் நீரின் பங்கு வெளிப்படுகிறது. மிகச் செறிந்த ஆல்கஹால் நெற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் திசு சுருங்கி இறுகி, உள்ளே இருப்பதைப் பூட்டி வைத்துவிடுகிறது. நீர் கலந்திருந்தால் திசு ஊறி உப்பி, அதன் நுண்துளைகள் திறந்துகொள்கின்றன. சர்க்கரை, கரிம அமிலங்கள் போன்ற நீர்விரும்பிகளும் அப்போதுதான் வெளியே வருகின்றன. ஆகவே சாதாரண வோட்காவின் 40 விழுக்காட்டுச் செறிவு ஏதோ கிடைத்ததை வைத்துச் செய்யும் சமரசம் அல்ல; அதில் ஆல்கஹாலும் வேலை செய்கிறது, நீரும் வேலை செய்கிறது. வீட்டில் செய்பவர்கள் 35 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்பது நல்லது என்பது என் கருத்து. ரம், பிராந்தி போன்றவற்றைப் பயன்படுத்தினால் அவற்றின் சொந்த மணமும் சேர்ந்துகொள்ளும். அது பிழையல்ல, விருப்பம்.

அளவு விஷயத்தில் மட்டும் விருப்பத்துக்கு அதிக இடம் இல்லை. நான் முதன்முதலில் செய்தபோது 750 மில்லிலிட்டர் வோட்காவில் இரண்டே நெற்றுகளைப் போட்டு, ஆறு மாதம் இருட்டு அலமாரியில் வைத்துக் காத்திருந்தேன். கிடைத்தது வெனிலா மணம் லேசாக வீசும் வோட்கா. நெற்றின் எடையை அன்று நான் நிறுத்துப் பார்க்கவில்லை. ஒரு நெற்று மூன்று, நான்கு கிராம் இருக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விதிப்படி, வெனிலா எக்ஸ்ட்ராக்ட் என்று பெயரிட வேண்டுமானால் ஒரு கேலனுக்கு 13.35 அவுன்ஸ் நெற்றின் சாரம் இருக்க வேண்டும். ஆல்கஹால் 35 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. மெட்ரிக் அளவில் இது லிட்டருக்குச் சரியாக 100 கிராம், அதாவது 100 மில்லிலிட்டருக்கு மூன்று நெற்றுகள். என் சீசாவில் இருந்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எண்ணிப் போடாமல் நிறுத்துப் போடுவதே சரியான வழி. நெற்றில் கால் பங்குவரை ஈரம் இருக்கக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 100 கிராம் நெற்றிலிருந்து 25 மில்லிலிட்டர் நீர் கலந்தால், 40 விழுக்காடு 39 ஆகும். தொடக்கத்திலேயே 35 என்றால் வரம்புக்குக் கீழே போய்விடும். பளபளப்பாகவும் சதைப்பற்றோடும் இருக்கும் உயர்தர நெற்றைவிட, சற்று உலர்ந்த இரண்டாம் தர நெற்றே சாறெடுக்கப் பொருத்தமானது. அதில் ஈரத்துக்குக் கொடுக்கும் காசு குறைவு.

ஏன் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு முதல் விடை விரவல். கரைந்த மூலக்கூறுகள் எந்தத் திசையும் இன்றி முட்டி மோதி அலைந்து, செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவுகின்றன. இந்தப் பயணத்துக்கு ஒரு கடுமையான விதி உண்டு: தொலைவு இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும், பத்து மடங்கானால் நூறு மடங்காகும். வெனிலின் போன்ற சிறிய மூலக்கூறு, அசையாத வோட்காவில் ஒரு மில்லிமீட்டர் பரவ ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். அதே மூலக்கூறு 10 சென்டிமீட்டர் உயரச் சீசாவை விரவலால் மட்டுமே கடக்க வேண்டுமென்றால், தொலைவு 100 மடங்கு, நேரம் 10,000 மடங்கு, ஆக ஏறக்குறைய 140 நாட்கள். இங்கே இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது: நீரும் எத்தனாலும் தனித்தனியே இருக்கும்போது உள்ளதைவிடக் கலந்திருக்கும்போது பாகுத்தன்மை கூடுகிறது, ஏறக்குறைய வோட்காவின் செறிவை ஒட்டித்தான் அது உச்சத்தைத் தொடுகிறது. எல்லாக் குணங்களிலும் நமக்கு வசதியான கலவை, வேகத்தில் மட்டும் மெத்தனமாக இருக்கிறது.

சீசாவை வாரம் ஒருமுறை குலுக்கச் சொல்வது இதனால்தான். தொடக்கத்தில் பார்த்த அந்தத் தேன்நிற இழைகள் கனமாக இருப்பதால் அடியில் தங்கி, அங்கேயே செறிவாகக் கிடக்கும். குலுக்கினால் அவை எங்கும் கலந்து, நெற்றை ஒட்டி மீண்டும் நீர்த்த திரவம் வந்து நிற்கும். அந்தச் செறிவு வேறுபாடே உள்ளிருப்பதை வெளியே இழுக்கிறது. ஆனால் நெற்றின் திசுவுக்குள் எந்தக் குலுக்கலும் எட்டாது. அங்கே மூலக்கூறுகள் செல்சுவர்களைச் சுற்றி வளைந்துதான் வந்தாக வேண்டும், வெளித்தோலோ மெழுகுப் பூச்சு உடையது. அதனால் தொலைவைக் குறைப்பதே வழி. முழு நெற்றை அப்படியே போடுவதைவிடக் கீறிப் போடுவது மேல். கீறியதைவிட ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குவது மேல். மாவாக அரைத்தால் சாறு விரைவாக இறங்கும் என்றாலும், வடிகட்டுவதற்குள் பொறுமை போய்விடும். துண்டுகள் எப்போதும் திரவத்துக்குள் மூழ்கியே இருக்க வேண்டும். சூடாக்கினால் விரைவாகும் என்பதும் உண்மைதான், ஆனால் அடுப்பில் வைக்கவே கூடாது. 40 விழுக்காடு ஆல்கஹாலின் ஆவி, ஏறத்தாழ 26 டிகிரியிலேயே ஒரு தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். தீ இல்லாவிட்டாலும், எளிதில் ஆவியாகும் மெல்லிய மணங்கள்தான் முதலில் பறந்துபோகும். அறை வெப்பநிலை போதும். குளிர்பெட்டி எல்லாவற்றையும் மந்தமாக்கிவிடும்.

இரண்டாவது விடை, கரைந்த பிறகு நடக்கும் வேதிவினைகள். எட்டு வாரத்தில் முகர்ந்து பார்த்தால் வெனிலா மணம் இருக்கும், ஆனால் சாராயத்தின் நெடி முன்னே வந்து நிற்கும். ஓராண்டு கழித்து அதே சீசாவைத் திறந்தால் நெடி அடங்கி, மணங்கள் ஒன்றோடொன்று இழைந்து முழுமையாக இருக்கும். வெனிலின், ஆல்டிஹைடு என்ற வேதிப்பொருள் வகையைச் சேர்ந்தது. அது எத்தனாலோடு மெல்ல வினைபுரிந்து அசிட்டால் வகைச் சேர்மங்களை உண்டாக்குகிறது. நெற்றிலிருந்து வந்த அமிலங்கள் எத்தனாலோடு சேர்ந்து எஸ்டர்களாகின்றன. பழங்களின் மணத்துக்குக் காரணமான குடும்பம் அது. இந்த வினைகள் எதுவும் அவசரப்படுவதில்லை. பிசினுக்குள் பதுங்கியிருந்த கனமான மணங்களும் இந்தக் காலத்தில்தான் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

ஒருமுறை செய்த சீசாவில் எடுக்க எடுக்க வோட்காவை நிரப்பிக்கொண்டே போகலாம், அது ஒருநாளும் தீராது என்று சொல்லக் கேட்டிருக்கலாம். கணக்கு அதை ஏற்கவில்லை. 100 மில்லிலிட்டர் திரவத்தில் ஊறி உப்பிய 10 கிராம் நெற்று, தனக்குள் சுமார் 10 மில்லிலிட்டரைப் பிடித்து வைத்திருப்பதாகக் கொள்வோம். உள்ளும் புறமும் செறிவு சமமான பிறகு, நெற்றில் மிஞ்சியிருப்பது மொத்த வெனிலினில் பத்தில் ஒரு பங்கு. சாற்றை முழுவதும் வடித்துவிட்டுப் புது வோட்கா ஊற்றினால், இரண்டாவது முறை கிடைப்பது முதல் சாற்றின் பத்தில் ஒரு பங்கு வலுவுள்ளதுதான். பிசின் பகுதி கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் உண்மையில் நிலைமை இதைவிடச் சற்று மேலாக இருக்கலாம், அவ்வளவே. நிரப்பும்போதெல்லாம் புது நெற்றும் சேர்த்தால்தான் சாறு சாறாக இருக்கும்.

வடித்த சாற்றைப் பழுப்பு நிறக் கண்ணாடிச் சீசாவில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி வைக்க வேண்டும். ஒளியும் ஆக்சிஜனும் வெனிலினை மெல்லச் சிதைக்கும். ஆல்கஹால் வேண்டாதவர்கள் கிளிசரினைப் பயன்படுத்தலாம். அது வெனிலினை நன்றாகவே கரைக்கும், ஆனால் பாகுபோல் இருப்பதால் வேகம் இன்னும் குறைவு, எண்ணெய்ப் பசையிலுள்ள மணங்களும் முழுமையாக வராது. எண்ணெயில் நெற்றை ஊறப்போட்டு அறை வெப்பநிலையில் வைப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். ஈரமும் குறைந்த அமிலத்தன்மையும் உள்ள தாவரப் பொருள் காற்றுப் புகாத எண்ணெய்க்குள் கிடப்பது, உயிருக்கே ஆபத்தான நச்சை உண்டாக்கும் பொட்டுலினம் கிருமிக்கு ஏற்ற சூழல்.

இத்தனை காத்திருந்து எடுத்த சாற்றை எதில் ஊற்றுவது என்பதற்கும் வேதியியல் ஒரு குறிப்பு தருகிறது. வெனிலினின் கொதிநிலை 285 டிகிரி என்பதால் அடுப்புச் சூட்டை அது பெருமளவு தாங்கும். உடனிருக்கும் மெல்லிய மணங்கள் தாங்குவதில்லை. அதனால் கேக் வெந்து இறங்கும்போது, இயற்கைச் சாற்றுக்கும் செயற்கை வெனிலினால் செய்த எசன்ஸுக்கும் உள்ள வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இரண்டிலும் இருக்கும் வெனிலின் மூலக்கூறு ஒன்றேதான். ஐஸ்கிரீம், கிரீம், அடுப்பிலிருந்து இறக்கி ஆறவைத்த பால் இனிப்புகள் ஆகியவற்றில் அந்த வேறுபாடு முதல் வாயிலேயே தெரியும். நான் வேகவைக்கும் பண்டங்களுக்கு எசன்ஸையே ஊற்றுகிறேன். ஓராண்டு ஊறிய சீசாவைக் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகுதான் திறக்கிறேன்.