திங்கட்கிழமை எம்.சி.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் கிளினிக்கில் திங்கட்கிழமை காலையில்தான் கூட்டம் அதிகம். பள்ளிச் சீருடையோடு நாலைந்து பையன்களாவது வருவார்கள். தலைவலி, வயிற்றுவலி, மயக்கம் என்று ஏதாவது ஒன்று இருக்கும், காய்ச்சல் இருக்காது. அம்மா எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கேட்பார். முன்பெல்லாம் வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவேன். இப்போது, “தம்பி, நேத்து எத்தனை மணிக்குப் படுத்த?” என்று முதலில் கேட்கிறேன்.

அப்படிக் கேட்டதற்கு ஒரு பையன் “ரெண்டு மணி” என்றான். அதுவரை போனில் கேம் ஆடியிருக்கிறான். அவன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். வயது 14. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, மலாய் சரியாக வராததால் ரிமூவ் என்னும் மலாய் ஆயத்த வகுப்பில் ஒரு வருடம் இருந்துவிட்டு, இப்போது இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டான படிவம் 1 படிக்கிறான். அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை. மாலை ஆறரைக்கு பஸ் ஏறினால் காலையில்தான் வீடு. அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவர். விடியுமுன் எழ வேண்டும் என்பதால் எட்டரைக்கே படுத்துவிடுவார். பள்ளி பஸ்ஸுக்காகப் பையன் ஐந்து மணிக்கு எழ வேண்டும். எட்டு முதல் பத்து மணி நேரம் தூங்க வேண்டிய வயதில் அவனுக்குக் கிடைத்தது மூன்று மணி நேரம். தலை வலிக்காமல் என்ன செய்யும்?

“போனைப் போட்டு உடைச்சிடலாம் போல இருக்கு டாக்டர்,” என்றார் அம்மா. வேலை முடிந்து நேரே வந்திருந்தார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அந்தப் போன் ஏற்கெனவே விரிசல் விட்டு, மூலையில் டேப் ஒட்டியிருந்தது. இடது கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் டேப் தேய்ந்து வெளுத்திருந்தது.

கூட்டம் குறைந்ததும், ஆட்டத்தை எனக்குக் காட்டச் சொன்னேன். ஐந்து பேருக்கு எதிராக ஐந்து பேர், சுமார் 15 நிமிடம். கூட விளையாடியவர்களில் ஒருவர் ஜொகூர், இருவர் சபா. “தனியாப் போகாதீங்க, சேர்ந்து போவோம்” என்று மைக்கில் மலாயில் சரளமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வகுப்பில் மலாயில் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியர் குறைப்பட்ட அதே பையன். அம்மா அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் மலாய் பேசி அவர் கேட்டதில்லையாம்.

பெற்றோர் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வென்றால் ஒரு நட்சத்திரம் ஏறும், தோற்றால் ஒன்று இறங்கும். தான் எங்கே நிற்கிறோம் என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிடுகிறது. ரிமூவ் வகுப்பில் ஒரு வருடம் பின்தங்கிய பிள்ளைக்கு, “நீ முன்னேறுகிறாய்” என்று சொல்ல வேறு யார் இருந்தார்கள்? இவன் அப்பா வளர்ந்த தோட்டத்தில் லயத்துக்கு எதிரே திடல் இருந்தது. மாலை ஐந்துக்குப் பந்து உருண்டால் இருட்டும்வரை ஆட்டம்தான். இப்போது டவுனில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. திடலும் இல்லை, கூட ஆடிய குடும்பங்களும் சிதறிப் போய்விட்டன.

அதற்காக விளையாட்டு நிறுவனங்களை நான் நல்லவர்களாக்கவில்லை. பாதி ஆட்டத்தில் வெளியேறினால் தண்டனைப் புள்ளி; சீசன் முடிந்தால் தரம் கீழே இறங்கிவிடும், மறுபடி ஏற வேண்டும். சில ஆட்டங்களில் காசு கட்டிக் குலுக்கல் பெட்டி திறக்கலாம், என்ன வரும் என்று தெரியாது. எப்போது விழும் என்று தெரியாத பரிசுதான் மனிதனை விடாமல் இழுக்கும். சூதாட்ட இயந்திரமும் அதே முறைதான். 2018-இல் பெல்ஜியம் இப்படிப்பட்ட சில பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. பிள்ளையின் டாப் அப் செலவை அவசியம் பாருங்கள்.

“இது வியாதியா டாக்டர்?” என்று கேட்பவர்களுக்கு: உலகச் சுகாதார நிறுவனம் கேம் பழக்கம் கட்டுமீறிப் போவதை நோய்ப் பட்டியலில் சேர்த்து, அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் மணிக்கணக்கு மட்டும் அளவுகோல் இல்லை. நிறுத்த முயன்றும் முடியாமல், மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்ந்து, அதனால் படிப்போ குடும்பமோ குலைந்து, பொதுவாக ஒரு வருடமாவது அது நீடித்திருக்க வேண்டும். என்னிடம் வரும் பையன்களில் பெரும்பாலோர் அந்த நிலையில் இல்லை. அவர்களுக்குத் தூக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறது. சண்டை விளையாட்டு ஆடினால் கொலைகாரன் ஆகிவிடுவான் என்ற பயமும் பலருக்கு உண்டு. அந்த அளவு வன்முறையோடு முடிச்சுப் போடப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் சொன்னது. கத்துவது, தள்ளுவது மாதிரியான முரட்டுத்தனத்தோடு சிறு தொடர்பு இருக்கிறது என்பதையும் அது மறுக்கவில்லை.

சரி, அந்தப் பையனுக்கு என்ன செய்தோம்? “பத்து நிமிஷத்தில வை” என்றால் நடக்காது; நடு ஆட்டத்தில் பிடுங்கினால் நான்கு பேரை அவன் கைவிட்டதாக ஆகும். அதனால் ஆட்டக் கணக்கு வைத்தோம். பள்ளி நாளில் இரண்டு ஆட்டம், ஒன்பதுக்கு மேல் புதிய ஆட்டம் தொடங்கக் கூடாது. போன் இரவெல்லாம் அப்பாவின் தலைமாட்டில் சார்ஜ் ஆகும். அப்பா தினமும் ஓர் ஆட்டமாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனைக்குத்தான் அப்பா முகம் சுளித்தார்.

ஆறு வாரம் கழித்து அப்பாவும் மகனும் வந்தார்கள். சனிக்கிழமைகளில் கணக்கு இன்னும் தவறுகிறது. மற்ற நாளில் பத்தரைக்குத் தூங்கிவிடுகிறான், தலைவலி குறைந்திருக்கிறது. அப்பாதான் அதிகம் பேசினார். “இவன் முன்னால நின்னு அடி வாங்குற ஆளு டாக்டர். இவன் தாங்குனாத்தான் மத்தவன் அடிக்க முடியுமாம்,” என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

உங்கள் பிள்ளை பள்ளிக்கே போக மறுத்தால், சாப்பாட்டை விட்டால், போனை வாங்கினதும் தன்னையோ பிறரையோ காயப்படுத்தினால், ஆறு வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள். பக்கத்து அரசாங்க கிளினிக்குக்கு உடனே அழைத்துப் போங்கள். மனநல நெருக்கடிக்குச் சுகாதார அமைச்சின் ஹீல் (HEAL) உதவித் தொலைபேசி எண் 15555.