சோலார் பேனலின் கீழ் விளிம்பைப் பாருங்கள்

"வாரம் தவறாம கழுவுறேன் சார், ஆனாலும் யூனிட் குறைஞ்சுக்கிட்டே போகுது. இன்வெர்ட்டர் போயிடுச்சோ?"

வீட்டுக் கூரையில் சோலார் போட்டவர்கள் பலர் என்னை இப்படித்தான் அழைக்கிறார்கள். பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டிமேல்தான் முதல் சந்தேகம். அப்படி அழைத்த ஒருவர் வீட்டில் அண்மையில் ஏறிப் பார்த்தேன். தூரத்தில் நின்று பார்த்தால் பேனல்கள் புதிது போல மின்னின. கிட்டே போய்க் குனிந்தபோது, ஒவ்வொரு பேனலின் கீழ் விளிம்பிலும் அலுமினியச் சட்டத்தை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்குச் சேறு காய்ந்து இறுகியிருந்தது. மேலிருந்து ஊற்றிய தண்ணீர் தூசி முழுவதையும் அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. சட்டத்தின் விளிம்பு கண்ணாடியைவிடச் சற்று உயரமாக இருக்கும். சாய்வு 10 டிகிரிக்கும் குறைவாக இருந்தால் தண்ணீர் அந்த வரப்பைத் தாண்டிப் போகாமல் அங்கேயே நின்று வற்றும். மண் மட்டும் தங்கிவிடும்.

இந்த இரண்டு விரல் அழுக்கு என்ன செய்துவிடும் என்று அவர் கேட்டார். பேனலுக்குள் செல்கள், அதாவது வெயிலை மின்சாரமாக்கும் சிறு தகடுகள், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. நீளமான ரப்பர் குழாயை ஓரிடத்தில் மிதித்தால் முனையில் வரும் தண்ணீர் முழுவதும் குறைவது போல, ஒரு செல் மறைந்தால் அந்த வரிசையின் மின்னோட்டம் முழுவதும் அந்தச் செல்லின் அளவுக்கு இறங்கிவிடும். ஒரு செல் சுமார் 16 செ.மீ. உயரம், இரண்டு விரல் என்றால் அதில் ஐந்தில் ஒரு பங்கு. 60 செல் பேனலை நெட்டுக்குத்தாக நிறுத்தியிருந்தால், உள்ளே இருக்கும் மூன்று தொடர்களின் செல்களும் கீழ் வரிசையில் வந்துவிடும். ஆகவே பேனலில் தொண்ணூற்றெட்டு சதவீதம் சுத்தமாக இருந்தும் மூன்று தொடர்களும் சேர்ந்து அடிவாங்குகின்றன. பாதியாக வெட்டிய செல்கள் கொண்ட புதிய வகைப் பேனல்களில் மேல்பாதி தனியாக ஓடுவதால் இழப்பு குறைவு. அங்கேயும் கீழ்பாதி தப்பாது.

பறவை எச்சமும் ஒட்டிய இலையும் செய்வது இதே வேலைதான், இன்னும் மோசமாக. மறைந்த செல் மின்சாரம் தருவதை விட்டுவிட்டு, மற்ற செல்கள் தரும் மின்சாரத்தை வெப்பமாக எரிக்கத் தொடங்கும். மறைந்த தொடரைச் சுற்றி மின்னோட்டத்தைத் திருப்பிவிடும் பைபாஸ் டயோடுகள் இதற்காகவே இருக்கின்றன என்றாலும், மாதக்கணக்கில் அதே இடம் சூடேறிக்கொண்டிருந்தால் செல்லின் பின்புறத் தாள் பழுத்துக் கருகும். மழை வந்து கழுவிவிடும் என்று எச்சத்தை விட்டுவைக்காதீர்கள். பெருமழை தூசியைக் கழுவும். காய்ந்த எச்சம் அதற்கு அசையாது. தூறலோ இருக்கும் தூசியைச் சேறாக்கிப் புள்ளி புள்ளியாக ஒட்டிவைத்துவிட்டுப் போகும்.

கழுவும் முறைக்கு வருகிறேன். என்னை மிகவும் வருத்தப்பட வைப்பது இந்த இடம்தான். தூசியால் குறைந்த மின்சாரம் கழுவினால் திரும்பிவிடும். தப்பாகக் கழுவியதால் விழுந்த விரிசலுக்கு மருந்து கிடையாது.

விடியற்காலை நல்ல நேரம். இரவுப் பனியில் தூசி ஊறியிருக்கும், கண்ணாடியும் குளிர்ந்திருக்கும். உச்சி வெயிலில் கொதித்துக் கிடக்கும் கண்ணாடிமேல் குளிர்ந்த தண்ணீரை அடிப்பது, அடுப்பிலிருந்து இறக்கிய கண்ணாடிப் பாத்திரத்தைத் தொட்டித் தண்ணீரில் முக்குவதற்குச் சமம். சாதாரணக் குழாய் அழுத்தமே போதும். வாகனம் கழுவும் உயர் அழுத்தப் பீச்சியை எடுக்கவே எடுக்காதீர்கள். அது பேனல் ஓரத்து ஒட்டுப் பசையையும், கேபிள்களைக் கோக்கும் கனெக்டரையும் துளைத்துத் தண்ணீரை உள்ளே தள்ளும். பல தயாரிப்பாளர்களின் உத்தரவாதமும் அதோடு போய்விடும். நீளக் கம்பில் மாட்டிய மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழே தேயுங்கள். எச்சம் இருந்தால் சுரண்டாமல் ஈரத்துணியைப் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு எடுங்கள். கடைசியாகக் கீழ் விளிம்பைத் துணியால் தனியே துடைத்து எடுங்கள். பலர் விட்டுவிடுவது இந்த ஒன்றைத்தான். தேங்கும் தண்ணீரை வடித்துவிடும் சிறு பிளாஸ்டிக் கிளிப்புகளும் கிடைக்கின்றன. சாய்வு குறைந்த கூரைக்கு அவற்றைச் சொல்லுவேன்.

சோப்புத்தூள், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், அமிலம் மூன்றும் கூரைக்கு ஏறக்கூடாது. சோப்பு மெல்லிய படலமாகத் தங்கி அடுத்த நாளே தூசியை இழுக்கும். நாரும் அமிலமும் கண்ணாடியின் மேலுள்ள, ஒளி பட்டுத் திரும்பாமல் காக்கும் பூச்சைத் தின்னும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு வெயிலில் கண்ணாடிமேல் வெந்து இறுகும். வேறு தண்ணீர் இல்லையென்றால், ரப்பர் துடைப்பானால் தண்ணீரைக் காயவிடாமல் வழித்துவிடுங்கள். மழைத்தண்ணீர் சேமிப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

எட்டவில்லை என்று பேனல்மேல் கால் வைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மேலே இருப்பது பெரும்பாலும் 3.2 மி.மீ. கடினக் கண்ணாடி, அது தாங்கிவிடும். கீழே இருக்கும் சிலிக்கான் தகடு, அதாவது செல், இரண்டு மூன்று முடியளவு பருமன்தான். அது சத்தமில்லாமல் விரிசல் விடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வருடம் கழித்து நத்தை ஊர்ந்த தடம் போலப் பழுப்புக் கோடுகள் செல்மேல் எழும்போது, எப்போதோ வைத்த அந்தக் கால் யாருக்கும் நினைவிருக்காது.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று. வெளிச்சம் இருக்கும்வரை பேனலில் மின்சாரம் இருக்கும். இன்வெர்ட்டரை அணைத்தாலும் கூரையில் ஓடும் கேபிள் உயிரோடுதான் இருக்கிறது. ஒரு பேனல் சுமார் 40 வோல்ட் என்றால், பத்துப் பேனல் கொண்ட தொடரில் 400 வோல்ட், அதுவும் ஒரே திசையில் ஓடும் டி.சி. மின்சாரம். கனெக்டரை ஓட்டத்தில் பிடுங்கினால் எழும் தீப்பொறி தானாக அணையாது. கண்ணாடி உடைந்த பேனல்மேல் தண்ணீர் விடாதீர்கள், தொடாதீர்கள், நிறுவியவரைக் கூப்பிடுங்கள். ஈரக்கூரை வழுக்கும். தனியாக ஏறாதீர்கள். சரிவான கூரை என்றால் இடுப்புக் கச்சை கட்டத் தெரிந்தவரிடம் வேலையை விட்டுவிடுங்கள்.

கழுவிக்கொண்டே ஒருமுறை குனிந்து அடியிலும் பாருங்கள். பறவைக் கூடும் சருகும் காற்றை அடைத்துவிட்டால் பேனல் கூடுதலாகச் சூடாகும். செல்லின் வெப்பம் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் திறன் குறையும். 65 டிகிரியில் 12 முதல் 16 சதவீதம் போய்விடும். எலியும் அணிலும் கேபிளைக் கடித்திருக்கலாம். பிளாஸ்டிக் கட்டு வெயிலில் பொடிந்து, கனெக்டர் தண்ணீர் தேங்கும் இடத்தில் தொங்கிக் கிடக்கலாம். மழை பெய்த மறுநாள் காலை இன்வெர்ட்டர் கோளாறு காட்டி, நண்பகலில் தானாகச் சரியாகிறதா? தினமும் ஓடத் தொடங்கும் முன் இன்வெர்ட்டர் காப்பு எதிர்ப்பை, அதாவது கேபிளிலிருந்து மின்சாரம் வெளியே கசிகிறதா என்பதை, சோதிக்கும். எங்கோ ஈரம் கசிகிறது என்று அர்த்தம். காய்ந்ததும் ஓடுகிறதே என்று விட்டுவிடக் கூடாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது என்று எல்லோருக்கும் பொதுவாக ஓர் எண் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சாலையோர வீடும் தோட்டத்து வீடும் ஒன்றல்ல. மேகமில்லாத ஒரு நாளின் யூனிட்டைக் குறித்துவைத்துக் கழுவுங்கள். அடுத்து வரும் மேகமில்லாத நாளோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடியது என்றால் இடைவெளியை நீட்டலாம். பத்து சதவீதம் கூடியது என்றால் நெடுநாள் விட்டுவிட்டீர்கள்.

முதலில் சொன்னவர் இப்போது தினமும் எழுதிவைக்கிறார். போன மாதம் மறுபடி அழைத்தார். இந்த முறை இன்வெர்ட்டரைப் பற்றிப் பேசவில்லை. "காலையில சரியா இருக்கு, தினமும் மூணு மணிக்கு மேல மட்டும் விழுது சார்." அழுக்கென்றால் நாள் முழுதும் குறைந்திருக்கும், ஒரே நேரத்தில் விழுந்தால் அது நிழல். போய்ப் பார்த்தேன். மேற்கே நின்ற மரம் ஒரு கிளை வளர்ந்திருந்தது.