அமானுஷ்யம்: சொல்லின் வேரும் தமிழ் இணையும்

நோயுற்ற ஒருவரைப் பிடித்திருப்பது உடற்பிணியா, கண்ணுக்குப் புலப்படாத வேறொரு சக்தியா என்று தேடும் மருத்துவர், பூசாரி, மந்திரவாதி ஆகியோரை மையமாகக் கொண்ட படங்களை ‘அமானுஷ்யத் திரில்லர்’ என்று வகைப்படுத்துவது இன்று தமிழில் வழக்கமாகிவிட்டது. இத்தொடரின் முற்பாதி வடசொல், பிற்பாதி ஆங்கிலச் சொல். இரண்டுமே எளிதில் புரிகின்றன என்றாலும், இவ்வகைக் கதைகளின் உயிர்நிலையான ஒன்றை இரண்டும் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

‘மனு’ என்பதிலிருந்து மானுஷம், மனுஷ்யன் ஆகிய சொற்கள் கிளைத்தன. அவற்றின் முன் எதிர்மறை ‘அ’ சேரும்போது ‘மனிதத் தன்மை அல்லாதது’ என்ற பொருள் கிடைக்கிறது. பாலி மொழிப் பௌத்த நூல்களில் ‘அமனுஸ்ஸ’ என்பது இயக்கர் முதலிய மனிதரல்லாதவர்களைக் குறிக்கும். இதே குடும்பத்துச் சொல்லைத்தான் ‘மானுடம்’ என்று தமிழ் ஒலிக்கு இசைய மாற்றி, ‘மானுடம் வென்றதன்றே’ என்று கம்பர் பெருமிதத்தோடு ஆண்டார். ஆகவே ‘அமானுஷ்யம்’ என்பது மனிதனைச் சுற்றி ஒரு கோடு கிழித்து, அதற்கு வெளியே உள்ள அனைத்தையும் ஒரே பெயரால் சுட்டுகிறது. சொல்லமைப்பின்படி பார்த்தால் புலியும் மழையும்கூட அமானுஷ்யமே. அதில் நாம் இன்று உணரும் அச்சம் வழக்கினால் பின்னர் ஏறியது.

ஆங்கிலத்தின் ‘சூப்பர்நேச்சுரல்’ வேறொரு கோட்டைக் கிழிக்கிறது. ‘மேல்’, ‘இயற்கை’ என்னும் பொருள் தரும் இலத்தீன் சொற்களின் சேர்க்கையான அது, இயற்கையின் விதிகளுக்கு மேற்பட்டதைச் சுட்டும். அதைத் தமிழில் ‘மீயியற்கை’ என்றோ ‘இயற்கை இகந்தது’ என்றோ சொல்லலாம். ‘திரில்லர்’ என்பதன் வேரோ ‘துளைத்தல்’ என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல். மூக்குத்துளையைக் குறிக்கும் ‘நாஸ்ட்ரில்’ என்பதன் பிற்பகுதியும் அதே வேரிலிருந்து வந்தது. உடலைத் துளைப்பது காலப்போக்கில் உள்ளத்தைத் துளைப்பதாகி, அதன்பின் அவ்வாறு செய்யும் கதைக்கும் பெயரானது. இதற்கு ஈடாக எழுதப்படும் ‘பரபரப்புப் படம்’ என்பதில் விரைவு இருக்கிறது, துளைப்பு இல்லை. ஆயினும் அது பரவலாகப் புரிவதால் அதைக் கைவிடத் தேவையில்லை.

உண்மையான இடைவெளி முற்பாதியில்தான் இருக்கிறது. அதை நிரப்பும் சொல் தொல்காப்பியத்திலேயே உள்ளது. அதன் மெய்ப்பாட்டியல், உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளாகிய எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றான அச்சத்துக்கு நான்கு பிறப்பிடங்களைக் கூறுகிறது: ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே’ (இறை என்பது இங்கே அரசன்). பேய்ப் படம், கொடுவிலங்குப் படம், குற்றப் படம், அதிகாரத்தின் கொடுமையைக் காட்டும் படம் என்று இன்றைய அச்சப் படங்களின் பெரும்பகுதியை இந்த நான்கினுள் அடக்கிவிட முடிவது எனக்குத் தீராத வியப்பு. இவற்றுள் முதலாவதாக நிற்பது அணங்கு.

அணங்குதல் என்றால் வருத்துதல், வருந்துதல். அணங்கு என்பது அந்த வருத்தமும், வருத்தத்தைத் தரும் தெய்வமும் ஆகும். மனிதனா அல்லனா, இயற்கைக்கு உட்பட்டதா மேற்பட்டதா என்ற வினாக்களை இச்சொல் எழுப்புவதில்லை. ஒரு சக்தி ஓர் உடலைத் தாக்கி வாட்டுகிறது என்ற விளைவிலிருந்தே அது தொடங்குகிறது. குணப்படுத்த வருபவர் கதையில் செய்வதும் அதுவே: காணமுடியாததை அவர் காண்பதில்லை, காணக்கூடிய உடலிலிருந்து அதைப் படிக்கிறார்.

வெறிபாடிய காமக்கண்ணியார் பாடிய அகநானூற்று 22ஆம் பாட்டு இதற்குச் சிறந்த சான்று. தலைவி காதலால் மெலிகிறாள். காரணம் அறியாத வீட்டாரிடம், நெடுவேளாகிய முருகனை வழிபட்டால் ‘தணிகுவள்’ என்று முதுபெண்டிர் சொல்கின்றனர். முருகனின் பூசாரியான வேலன் வருகிறான். களம் அமைத்து, கண்ணி சூட்டி, பாடி, பலி கொடுத்து, குருதியோடு தினை தூவி, அச்சம் நிறைந்த நள்ளிரவில் வெறியாட்டு என்னும் சாமியாட்டச் சடங்கு நடக்கிறது. அதே இரவில், யானையை இரையாகத் தேடி மறைந்து இயங்கும் புலியைப்போல், காவலர் அறியாமல் தலைவன் வந்து அவளைச் சேர்கிறான். நோய் தணிகிறது, பெருமையோ தொடர்பில்லாத வேலனுக்குப் போகிறது. தலைவி உள்ளுக்குள் நகைக்கிறாள். பிழையான நோயறிதல், சடங்கின் அச்சம், இருளில் பதுங்கி வரும் உருவம், மறைக்கப்பட்ட உண்மைக் காரணம் என இவ்வகைப் படங்களின் கட்டமைப்பு முழுவதையும் அப்பாட்டில் காணலாம்.

‘நோய்நாடி நோய்முதல் நாடி’ என்று வள்ளுவர் வகுத்த முறையில் இரண்டாவது படிதான் இக்கதைகளின் முடிச்சு. 1973இல் வெளியான ‘தி எக்சார்சிஸ்ட்’ படத்தில் மருத்துவச் சோதனைகள் தோற்ற பிறகே பாதிரியார் வருகிறார். 1993இன் மலையாளப் படமான ‘மணிச்சித்திரத்தாழ்’, அதன் கதையை ஒட்டித் தமிழில் 2005இல் வந்த ‘சந்திரமுகி’ ஆகியவற்றில் மனநல மருத்துவரே பேயோட்டும் சடங்கைச் சிகிச்சையின் பகுதியாக்குகிறார். பேயே இல்லை என்று முடியும் இத்தகைய கதைக்கு ‘அமானுஷ்யம்’ பொருந்தாது. அணங்கு பொருந்தும், ஏனெனில் வருத்தம் அங்கே மெய்யாகவே இருக்கிறது.

ஒரு தடையை மறுக்க இயலாது. பிற்காலத்தில் அணங்கு என்பது தெய்வப்பெண், பேரழகி என்ற பொருள்களைப் பெற்றது. ‘ஆரணங்கு’ என்ற சொல்லும், தமிழ்த்தாய் வாழ்த்தின் ‘தமிழணங்கே’ என்ற விளியும் அப்பொருளை நம் காதில் நிலைநிறுத்திவிட்டன. எனவே தனிச்சொல்லாக எழுதினால் வாசகர் தடுமாறக்கூடும். பொதுவான வகைப்பெயராக ‘மீயியற்கைப் பரபரப்புப் படம்’ என்பதையும், நோயும் அதைத் தீர்ப்பவரும் கதையின் நடுவில் நிற்கும்போது ‘அணங்குத் திகில்’ என்பதையும் ஆளலாம் என்பது என் துணிபு. பாதிக்கப்பட்டவரை ‘அணங்குற்றவர்’ எனலாம். ‘ஹீலர்’ என்று எழுதப்படுபவருக்கு, சங்கப் பாட்டும் குறளும் ஒருங்கே கையாளும் வினையிலிருந்து ‘நோய் தணிப்பவர்’ என்ற பெயர் அமையும். மருத்துவர், பூசாரி, மந்திரவாதி ஆகிய மூவரையும் அது வேறுபாடின்றித் தழுவும்.