ஹாஃப்கட் தேடுமுன் பிரேக் எண்ணெயைப் பாருங்கள்

சிப்பாங் பந்தய ஓடுதளத்தில் கடைசி வரிசையில் முடித்த கார் லோரியில் ஏறிப் பேராக்கின் சுங்கை சிப்புட் வந்து சேரும். மறுநாள் காலையிலேயே பேச்சு ஒன்றுதான்: “இன்ஜின் பத்தல, ஹாஃப்கட் பார்க்கணும்.” ஹாஃப்கட் என்பது, பழைய காரை அறுத்து இன்ஜினோடு விற்கும் முன்பாதி. தோட்டப்புறத்துப் பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் வெள்ளி போட்டு நடத்தும் சின்னக் குழுக்களில் இது மாறாத வழக்கம். பட்டறைக்கு வரும் பழைய சாகா, சாத்ரியா, மைவி பந்தயக் கார்களைப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. நேரம் ஒழுகுவது பெரும்பாலும் பிரேக்கிலும் டயரிலும் சூட்டிலும்தான்.

மலேசியக் கொடியோடு ஃபார்முலா 1 ஓடிய குழுவையே பாருங்கள். ஏர்ஏசியா புகழ் டோனி பெர்னாண்டஸ் தலைமையில் 2010இல் லோட்டஸ் பெயரில் இறங்கியபோது பூட்டியது கோஸ்வொர்த் இன்ஜின். 2011இல் ரெனோ இன்ஜினுக்கு மாறினார்கள். அதே ஆண்டு ரெனோ இன்ஜினோடு ரெட்புல் உலகப் பட்டம் வென்றது. இவர்களுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. கேட்டர்ஹாம் என்று பெயர் மாறி, 2014இல் கடை சாத்தும்வரை கிடைக்கவில்லை. மெக்லாரன் இதற்கு நேர்மாறு. 2023 தொடக்கத்தில் பின்வரிசையில் தடுமாறிய கார், ஜூலையில் ஆஸ்திரியாவுக்குப் புதிய உடலமைப்போடு வந்ததும் முன்வரிசைக்கு ஏறியது. 2024இல் குழுக்களுக்கான பட்டமே அவர்களுக்கு. அந்த மாற்றத்துக்கு முன்னும் சரி, பின்னும் சரி, இன்ஜின் மெர்சிடிஸ்தான்.

நம் கணக்குக்கு வருவோம். சிப்பாங் ஓடுதளம் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், ஆயிரம் கிலோமீட்டர் பந்தயத்துக்கு 181 சுற்று. இன்ஜினுக்குக் கொட்டிய பணம் சுற்றுக்கு ஒரு நொடி மிச்சம் பிடித்துக் கொடுத்தால் மொத்தம் 3 நிமிடம். பிரேக் பேட் தேய்ந்து இரும்பு உரசி, கூடுதலாக ஒருமுறை பிட்டுக்குள் (ஓடுதளத்தோரம் காரை நிறுத்திப் பழுதுபார்க்கும் இடம்) வந்து, பேடை அழுத்தும் கேலிப்பர் கொதிக்கக் கொதிக்க அதோடு மல்லுக்கட்டினால் அந்த 3 நிமிடமும் அங்கேயே போய்விடும்.

எனவே முதலில் பிரேக். சிப்பாங்கில் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள். ஒன்று 15ஆம் வளைவிலும் மற்றது 1ஆம் வளைவிலும் முடியும். 1,100 கிலோ கார் மணிக்கு 180 கிலோமீட்டரிலிருந்து 60க்கு இறங்கும்போது சுமார் 12 லட்சம் ஜூல் சூடு கிளம்புகிறது. நான்கு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம், ஒரே மிதியில்! டாட் 4 தரப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் குடித்த பிறகு 155 வரை இறங்கலாம். டாட் 3 என்றால் 205, 140. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றைச் சொல்லவே வேண்டாம். போன பந்தயத்தில் திறந்து ஷெல்ஃபில் வைத்த பாதி புட்டியை இந்தப் பந்தயத்துக்கு ஊற்றுவது காசை மிச்சம் பிடிப்பது அல்ல.

பந்தயத்துக்கு முந்தைய வாரம் ஒரு லிட்டர் புது எண்ணெய் வாங்கி முழுவதும் மாற்றுங்கள். கேலிப்பரில் எண்ணெய் வடிக்கும் திருகான நிப்பிளில் தெளிவான குழாய் மாட்டி, அதன் மறுமுனையை எண்ணெய் உள்ள புட்டிக்குள் முக்கி, நிறம் மாறிக் குமிழி நிற்கும்வரை விடுங்கள். பெடல் மிதிக்கும்போது எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு வெகுதூரத்திலுள்ள சக்கரத்தில் தொடங்குவது பொது வழக்கம். பிரேக் குழாய் குறுக்காகப் பிரிந்த கார்களுக்குக் கையேட்டில் உள்ள வரிசைதான் சரி. ஓட்டுநரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. பெடல் மெத்தென்று தரைக்குப் போனதா, கல்லாக இருந்தும் கார் நிற்கவில்லையா? முதலாவது, எண்ணெய் கொதித்து ஆவியாகிவிட்டது. இரண்டாவது, பேட் தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு. கேட்காமல், பேட் கவ்வும் தட்டான டிஸ்க்கைப் பெரிதாக்கினால் எடைதான் கூடும்.

டிஸ்க்குக்குக் காற்றுக் குழாய் இழுப்பவர்கள் அதன் வாயை ஒரு பக்க முகத்தை நோக்கி வைத்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் கொதித்தால் டிஸ்க்கில் விரிசல் விழும். 3 அங்குலக் குழாயின் வாய் டிஸ்க்கின் நடுக்கண்ணைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து காற்று உள்வரிகள் வழியே தானாக வெளியே வீசப்படும். பிட்டில் நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் இழுக்கவே கூடாது. சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

அடுத்தது டயர். காலை நிழலில் 30 டிகிரியில் 26 பி.எஸ்.ஐ. அடித்த டயர், உள்காற்று 80 டிகிரிக்கு ஏறியதும் ஏறக்குறைய 33ஐத் தொடும். வீங்கிய டயர் நடுப்பகுதியில் மட்டும் தரையைப் பிடிக்கும். “அஞ்சு சுற்றுக்கு அப்புறம் கார் வழுக்குது” என்ற புகாரில் பாதி இதுதான். சூட்டில் எத்தனை வேண்டும் என்று டயர்த் தயாரிப்பாளர் சொல்வதைப் பிடித்துக்கொண்டு, குளிரில் எவ்வளவு அடிப்பது என்று பின்னோக்கிக் கணக்கிடுங்கள். தண்ணீர் வடிக்காத கம்பிரசரில் அடித்தால் அழுத்தம் இன்னும் தாறுமாறாக ஏறும். தொட்டியின் அடித் திருகைத் திறந்து வடிப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

கார் பிட்டுக்குள் வந்த உடனே ஊசி வெப்பமானியை ரப்பருக்குள் செருகி உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு மூன்றையும் எழுதுங்கள். துப்பாக்கி மாதிரி இருக்கும் அகச்சிவப்புக் கருவி மேல்தோலை மட்டும் காட்டும். அது சீக்கிரம் ஆறிவிடும். நடு அதிகச் சூடு என்றால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் சூடு என்றால் காற்று குறைவு. வெளிவிளிம்பு சூடு என்றால் கேம்பர், அதாவது சக்கரத்தின் தலை உள்பக்கம் சாயும் சாய்வு, பத்தவில்லை. சாலை அலைன்மென்ட்டோடு வரும் முன்சக்கரக் கார்களில் இந்தக் கடைசி நிலைதான் அதிகம். எதிர்மறைக் கேம்பர் 2.5 முதல் 3 டிகிரி வரை தேவைப்படலாம். உயரத்தைத் தரையில் தேயுமளவு இறக்கி வைப்பதும் உதவாது. சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்க்கை கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், வளைவில் கார் இன்னும் அதிகமாகச் சாயும். கேம்பரும் கைவிட்டுப் போகும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

கணினி அலைன்மென்ட்டுக்கு ஈப்போ போக வேண்டியதில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயால் பட்டறைத் தரையின் நான்கு சக்கர இடங்களையும் சமமாக்கி, காரின் இருபுறமும் தூண்டில் நரம்பைக் காருக்கு இணையாகக் கட்டினால் டோவை, அதாவது சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை, மில்லிமீட்டர் கணக்கில் அளக்கலாம். எடைக்குச் செம்பனை ஆலையின் லோரித் தராசு இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். முழுக்காரை ஒருமுறை, முன்சக்கரங்களை மட்டும் ஒருமுறை. அது பத்து இருபது கிலோ முன்னே பின்னே காட்டும்தான், ஆனாலும் முன்பாரம் 63 விழுக்காட்டுக்கு மேல் போகிறதா என்று தெரிந்துவிடும். விதி இடம் கொடுத்தால் பேட்டரியைப் பின்னால் கொண்டுபோகலாம்.

சூட்டைப் பற்றிச் சுருக்கமாக. பானெட்டுக்குள் திறந்த ஃபில்டர் மாட்டினால் சத்தம் கூடும். உள்ளே போவது 60 டிகிரிக் காற்று. வெளியே 33 இருக்கும்போது இது அடர்த்தியில் 8 விழுக்காடு இழப்பு. பம்பரிலிருந்து குழாய் இழுத்துப் பெட்டி கட்டுங்கள். ரேடியேட்டரைச் சுற்றியுள்ள சந்துகளை அலுமினியத் தகட்டால் அடைத்தால், வரும் காற்று ஓரமாகத் தப்பாமல் உள்ளே புகும். பெரிய ரேடியேட்டர் வாங்குமுன் இதைச் செய்யலாம். ரேடியேட்டர் மூடியும் முக்கியம்: 1.1 பார் மூடி நன்றாக இருந்தால் தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காது, ரப்பர் செத்துப்போனால் 100லேயே கொதிக்கும். இன்ஜின் ஆயிலுக்கு டாஷ்போர்டு விளக்கை நம்ப வேண்டாம். அழுத்தம் கிட்டத்தட்ட 5 பி.எஸ்.ஐ.க்கு இறங்கிய பிறகே அது எரியும். அதற்குள் பேரிங் போயிருக்கும். 5, 6ஆம் வளைவுகளில் வேகமாக இடமும் வலமும் திரும்பும்போது ஆயில், இன்ஜினின் அடித்தட்டான சம்ப்பின் ஓரத்துக்கு ஓடிவிடும். சம்ப்புக்குள் தடுப்புத் தகடு பற்றவைத்து, தனி அழுத்தமானி மாட்டுங்கள். இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் ஒவ்வோர் ஆயிரம் சுழற்சிக்கும் ஆயில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய கணக்கு, இன்றும் உதவும்.

மாற்றியது பலித்ததா என்று எப்படித் தெரியும்? ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றி ஐந்து சுற்று, பழையபடி வைத்து ஐந்து சுற்று, திரும்ப மாற்றி ஐந்து சுற்று. காலை ஒன்பது மணி நேரத்தைப் பிற்பகல் இரண்டு மணித் தார்ச் சூட்டோடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான். கைப்பேசியில் உள்ள ஜி.பி.எஸ். பெரும்பாலும் நொடிக்கு ஒருமுறைதான் இடம் காட்டும். 180 வேகத்தில் அதற்குள் கார் 50 மீட்டர் தாண்டிவிடும். நொடிக்குப் பத்து முறை காட்டும் தனிக்கருவி வாங்கினால், எந்த வளைவில் நேரம் போகிறது என்று தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் நேர்ப்பாதையில் மட்டும் பின்தங்கினால், அப்போது இன்ஜின். அதையும் சோதித்துவிட்டுப் பேசுங்கள். வால்வுகள் மூடியிருக்க பிஸ்டனை மேல்நிலையில் நிறுத்தி, சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து, எவ்வளவு கசிகிறது என்று பாருங்கள். 20 விழுக்காட்டைத் தாண்டினால் காதை வையுங்கள். எக்சோஸில் சீறினால் வெளிவால்வு, திராட்டலில் சீறினால் உள்வால்வு, ஆயில் மூடியில் என்றால் பிஸ்டன் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால், இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட்; அதற்கு ஹாஃப்கட் வேண்டாம், ஹெட்டின் முகத்தைச் சீவிக் கொடுக்கும் லேத் கடையும் ஒரு புது கேஸ்கெட்டும் போதும்.