பழைய பாங்கோ வாங்கும் முன் கட்டையைப் பாருங்கள்

பாங்கோ என்பது சேர்த்து இணைத்த, கையால் வாசிக்கும் இரண்டு சிறு மேளங்கள். பழைய பாங்கோ ஜோடியைச் செப்பனிடக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் காட்டுவது கட்டையில், அதாவது மேளத்தின் மர உடலில், பதித்திருக்கும் உலோக வில்லையைத்தான். எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்று அதில் இருக்கும். நான் ஜோடியைக் கவிழ்த்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பேன். தோல், வளையம், ஸ்க்ரூ, வில்லை எல்லாமே மாற்றக்கூடியவை. பழைய ஜோடிகளில் ஏதாவது ஒன்று நிச்சயம் மாறியிருக்கும். கட்டை மட்டும்தான் செய்தவர் கையிலிருந்து வந்தபடியே இருக்கும். காசு கொடுப்பது அந்தக் கட்டைக்குத்தான் என்று நினைத்து வாங்குங்கள்.

பாங்கோ கியூபாவின் கிழக்குப் பகுதியில், 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் உருவான வாத்தியம். குவாந்தனாமோ பக்கத்து சாங்குயி இசையிலும் பிறகு சோன் இசையிலும் வளர்ந்து ஹவானாவுக்கு வந்தது. சிறியதை மாச்சோ என்றும் பெரியதை எம்ப்ரா என்றும் சொல்வார்கள். ஆரம்பத்தில் தோலை நேரடியாகக் கட்டையில் ஆணியடித்து இறுக்கினார்கள். சுருதி இறங்கினால் மெழுகுவர்த்தியோ சிறு விளக்கோ வைத்துத் தோலுக்குச் சூடு காட்டுவார்கள். ஸ்பேனர் போட்டு முடுக்கும் உலோக வளையம் 1940களில்தான் பரவியது.

சேகரிப்பவருக்கு இந்த வரலாறு நேரடியாக உதவும். தோலைக் கழற்றியதும் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே விரலை ஓட்டிப் பாருங்கள். சீரான இடைவெளியில் சின்னச் சின்னப் புள்ளிகளாக, பட்டி வைத்து அடைத்த ஆணித் துளைகள் தட்டுப்பட்டால், கட்டை முந்தைய காலத்தது, வளையம் பிறகு ஏறியது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். உட்புறத்தில் கரி படிந்திருந்தால் அது இன்னும் ஒரு சான்று. விற்பதற்கு முன் சிலர் இதையெல்லாம் மணல்தாளால் தேய்த்து, புதிதாக வார்னிஷ் அடித்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கும். வயதைச் சொல்ல அந்தக் கட்டையில் இருந்த சாட்சி அத்தோடு போய்விடுகிறது. அழுக்கைச் சற்றே ஈரமான துணியால் துடைத்தால் போதும். மணல்தாளைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் வில்லை. கியூபா மீது அமெரிக்கா 1962இல் கொண்டுவந்த வர்த்தகத் தடையால் அங்கிருந்து பாங்கோ வருவது நின்றது. அந்த இடைவெளியில்தான் மார்ட்டின் கோஹன் 1964இல் லேட்டின் பெர்கஷன் என்ற மேளக் கம்பெனியைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1954இல், லாஸ் ஏஞ்சலஸில் மரியானோ பொபாதியா கான் பாப்ஸ் என்ற மேளக் கம்பெனியைத் தொடங்கியிருந்தார். புரூக்ளினில் ஸ்கின் ஆன் ஸ்கின் என்ற பெயரில் ஜே பெரெக் கையால் செய்த மேளங்களுக்கு வாசிப்பவர்களிடம் தனி மதிப்பு உண்டு. ஆனால் கம்பெனிகள் இடம் மாறின, கை மாறின. லேட்டின் பெர்கஷனின் பழைய வில்லைகளில் நியூ ஜெர்சியின் பாலிசேட்ஸ் பார்க் என்று இருக்கும், பிறகு வந்தவற்றில் கார்ஃபீல்ட் என்று இருக்கும். தயாரிப்பு பின்னாளில் தாய்லாந்துக்குப் போனது. பெயர் ஒன்றே என்பதற்காக எல்லாவற்றுக்கும் ஒரே விலை கொடுத்துவிடாதீர்கள். மரத்தின் பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம்: வியாபாரத்தில் 'சியாம் ஓக்' என்று சொல்வது ரப்பர் மரத்தை. நல்ல மரம்தான், ஆனால் ஓக் விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

கட்டையில் இரண்டு முக்கிய வகை. ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்தது ஒன்று, பலகைகளைச் சேர்த்து ஒட்டிச் செய்தது இன்னொன்று. மரம் காய்ந்து சுருங்கும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்காது. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அதனால்தான் குடைந்த கட்டை நாளடைவில் நீள்வட்டமாகும், அல்லது பிளக்கும். ஒட்டிய கட்டையில் அந்தச் சுருக்கம் ஒட்டுகளில் இடைவெளியாகத் தெரியும். ஸ்கேல் வைத்து வாயைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்து பாருங்கள். ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் இயற்கைத் தோல் பொதுவாகச் சமாளித்துக்கொள்ளும்; அச்சு வட்டமாக வரும் செயற்கைத் தோல் சரியாக உட்காராது. பிறகு விளக்கை அணைத்து, கட்டையின் மேல் வாயைக் கண்ணாடிப் பலகைமேல் கவிழ்த்து, உள்ளே டார்ச்சைக் காட்டுங்கள். விளிம்பில் எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே பள்ளம். இரண்டு மேளத்தையும் இணைக்கும் நடுக்கட்டையின் போல்ட் துளையை மறக்காமல் பாருங்கள். விரிசல் அதிகமாகக் கிளம்பும் இடம் அதுதான். வாசிக்க வாங்குவதென்றால் ஒட்டு கெட்டியாக இருக்கும் பலகைக் கட்டையைத்தான் நான் சொல்வேன்.

ஜோடி உண்மையிலேயே ஜோடியா என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்று உடைந்துபோய், இன்னொன்றுக்கு எங்கிருந்தோ துணை தேடிச் சேர்த்தவை நிறையச் சுற்றுகின்றன. உயரம், உள்பக்கத்து உளி அல்லது ரம்பத் தடம், மர ரேகை, பழைய நிறம் இவை ஒத்துப்போகின்றனவா பாருங்கள். இன்றைய வழக்கமான வாய் விட்டம் மாச்சோவுக்கு 7 முதல் 7¼ அங்குலம், எம்ப்ராவுக்கு 8½ அங்குலத்தை ஒட்டி. பழையவை இதற்குள் அடங்காமல் இருக்கலாம். அப்படிப்பட்ட கட்டைக்கு வளையம் உடைந்தால் கடையில் கிடைக்காது, பட்டறையில் சொல்லித்தான் செய்ய வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இரண்டு ஜோடிகளை ஒப்பிட உட்காரும்போது, ஒன்றில் புதுத் தோலும் மற்றதில் தேய்ந்த தோலும் இருந்தால் நீங்கள் கேட்பது தோலைத்தான். முடிந்தவரை ஒரே வகைத் தோல் போட்டு, இரண்டு மாச்சோவையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து, வேறொருவரை வாசிக்கச் சொல்லிச் சற்றுத் தள்ளி நின்று கேளுங்கள். நடுவில் அடிக்கும் சத்தத்தைவிட விளிம்பில் விரல் நுனியால் அடிக்கும் சத்தத்தில் கட்டையின் குணம் தெளிவாகத் தெரியும்.

பழைய தோலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பதனிடாத விலங்குத் தோலில் ஆந்த்ராக்ஸ் எனும் அடைப்பான் நோயின் வித்துகள் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். 2006இல் நியூயார்க்கில், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஆட்டுத் தோலைச் சுரண்டி மேளம் செய்த கலைஞருக்கு அது நுரையீரலில் பரவியது, அவர் பிழைத்தார். 2008இல் லண்டனில் மேளம் செய்தவர் ஒருவர் இதே நோயால் இறந்தார். இது அபூர்வம்தான். வாசிப்பதால் வரும் ஆபத்து மிகக் குறைவு; தோலைச் சுரண்டித் தூசி கிளப்பும்போதுதான் கூடுகிறது. அதனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாத தோலை உலர்ந்த நிலையில் தேய்க்கவோ சுரண்டவோ வேண்டாம். கழற்ற வேண்டியிருந்தால் நனைத்து, கையுறையும் முகக்கவசமும் போட்டுக் கழற்றுங்கள். கையில் வலியில்லாத புண் வந்து நடுவில் கருத்தாலோ, காய்ச்சலோடு மூச்சுத் திணறினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். விலங்குத் தோலில் வேலை செய்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் இந்த நோய் அவர் நினைவுக்கே வராமல் போகலாம்.