திரையில் பச்சை, கட்டிலில் மூச்சுத்திணறல்

குன்னூரில் மார்கழி மாத நைட் டியூட்டி. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பாட்டி ஒருவர் காய்ச்சலோடு வந்து படுத்திருந்தார். யாருடைய உடல்நிலை மோசமாகப் போகிறது என்று முன்கூட்டியே கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வார்டுக்கு அப்போதுதான் வந்திருந்தது. பாட்டியின் பெயருக்கு நேரே பச்சை, அதாவது ஆபத்தில்லை. அவரோ, "என்னமோ பண்ணுது கண்ணு" என்றார். போர்வையை விலக்கி ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினேன். 34. பதிவில் இருந்ததோ இயல்பான 18.

அந்த 18 எங்கிருந்து வந்தது என்று செவிலியர் எல்லாருக்கும் தெரியும். எண்ணாமலே எழுதுகிற எண் அது. பயிற்சிக் காலத்தில் நானும் எழுதியிருக்கிறேன்; அல்லாஹ் மன்னிக்கட்டும். போதாததற்கு, விரல் ஜில்லிட்டுக் கிடந்தால் விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் சரியாகக் காட்டாது. மலையில் இது தினப்படிப் பாடு. நாம் கொடுத்ததை வைத்துத்தான் மென்பொருள் கணக்குப் போடுகிறது. டியூட்டி டாக்டரை எழுப்பினோம், ஆக்ஸிஜன் வைத்தோம். அல்ஹம்துலில்லாஹ், சில நாளில் பாட்டி நடந்தே வீட்டுக்குப் போனார்.

இந்த மாதிரி மென்பொருளைப் பயன்படுத்துவது மார்க்கத்தில் ஆகுமானதா என்று கேட்கும் மாணவிகளுக்குக் குர்ஆனின் 17:36-ஐக் காட்டுவேன். உனக்குத் தெரியாததைப் பின்தொடராதே; செவி, பார்வை, இதயம் ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் என்கிறது அந்த வசனம். கருவியைத் தொடத் தடையில்லை. எண்ணாத மூச்சுக்கு எண் எழுதுவதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. நோயாளியின் உடலைப் பற்றி நாம் சொல்லும் சாட்சியம் அல்லவா அது? மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்த்தவரே பொறுப்பாளி என்ற பொருளில் அபூதாவூத் என்ற ஹதீஸ் தொகுப்பில் ஒரு நபிமொழி உண்டு. மென்பொருளுக்கு நிய்யத் (மனதின் எண்ணம்) இல்லை, மறுமை இல்லை. கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட்டவருக்கு இரண்டும் உண்டு.

இன்னொரு கவலையும் இருக்கிறது. நோயாளியைப் பராமரிக்கும் திட்டமான கேர் பிளானை எழுதித் தரச் சொல்லி, சிலர் கேஸ் ஷீட்டையே படம் பிடித்து சாட்பாட்டில் போடுகிறார்கள். பெயரை மறைத்துவிட்டோம் என்கிறார்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பழங்குடிச் சிற்றூர்களில் சில குடும்பங்கள்தான் இருக்கும். ஊர், வயது, பரம்பரையாக வரும் அரிவாள்செல் ரத்தசோகை என்று மூன்றும் இருந்தால் ஆளைக் கண்டுபிடிக்கப் பெயர் எதற்கு? ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சையே அது கெடுத்துவிடும். நோயாளி நம்மிடம் சொன்னது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல்தான் வந்தது. அமானிதங்களை உரியவர்களிடமே ஒப்படைக்கச் சொல்லும் 4:58 நமக்கு எப்போதோ வந்துவிட்டது. கேர் பிளானுக்கு உதவி வேண்டுமென்றால் நோயைப் பற்றிப் பொதுவாகக் கேளுங்கள். கேஸ் ஷீட்டைப் படம் எடுக்கவே வேண்டாம்.