பீசோமீட்டர்: பொருளும் தமிழ்ச் சொல்லும்

குப்பைக் கிடங்குகளைப் பற்றிய சுற்றுச்சூழல் அறிக்கைகளில் ‘பீசோமீட்டர்’ என்ற சொல் அடிக்கடி வரும். பலரும் அதைக் ‘கண்காணிப்புக் கிணறு’ என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டும் தரையில் இறக்கிய குழாய்கள்தாம். ஆனால் அவை சொல்லும் செய்தி வேறு.

கிரேக்க மொழியில் ‘பியெஸைன்’ என்றால் அழுத்துதல், ‘மெட்ரோன்’ என்றால் அளவு. கேஸ் அடுப்பு லைட்டரில் பொறி பறக்கச் செய்யும் ‘பீசோ எலக்ட்ரிக்’ விளைவுக்கும் இதே வேர்தான். டென்மார்க் இயற்பியலாளர் ஓர்ஸ்டெட் 1820-களில் தண்ணீர் எவ்வளவு அமுங்குகிறது என்று சோதித்த கருவிக்கும் பீசோமீட்டர் என்றே பெயர். நிலத்தடி நீர்த்துறையில் பொருள் சற்று மாறியது. அங்கே அது, குறிப்பிட்ட ஓர் ஆழத்தில் நீரின் அழுத்தத்தைக் காட்டும் ஒல்லியான குழாய்.

குழாயின் அடியில் சிறிது நீளத்துக்கு மட்டும் சல்லடைத் துளைகள் இருக்கும். அதற்கு மேல் குழாயைச் சுற்றிப் பெண்டோனைட் களிமண்ணை இட்டு அடைத்துவிடுவார்கள். ஆகவே உள்ளே ஏறி நிற்கும் நீரின் உயரம், அந்த ஓர் ஆழத்தின் அழுத்தத்தை மட்டுமே காட்டும். கண்காணிப்புக் கிணற்றிலோ துளைப்பகுதி நீளமானது. பல அடுக்குகளின் நீர் அதில் கலந்துவிடும். ஒரே இடத்தில் வெவ்வேறு ஆழங்களுக்கு இரண்டு மூன்று பீசோமீட்டர்களை இறக்கினால், நீர் மேலிருந்து கீழே இறங்குகிறதா, கீழிருந்து மேலே வருகிறதா என்பதும் தெரியும்.

பக்கவாட்டு ஓட்டத்தின் திசையை அறிய, ஒரே நேர்கோட்டில் இல்லாத குறைந்தது மூன்று இடங்கள் வேண்டும். ஒவ்வொன்றின் நீர் உயரத்தையும் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டு ஒப்பிட்டால் சரிவு எந்தப் பக்கம் என்று புலப்படும். அந்தச் சரிவுக்கு ஏற்பவே ஓட்டத்தின் அளவும் அமையும் என்பதைப் பிரான்சின் தீஜோன் நகரப் பொறியாளர் ஹென்றி டார்சி 1856-இல் வெளியிட்டார். திசை தெரியாமல் நீரின் தரத்தை மட்டும் சோதிப்பதில் பெரிய ஆபத்து இருக்கிறது. கிடங்குக்கு மேற்சரிவில் உள்ள கிணற்றில் மாதிரி எடுத்துவிட்டு, ‘தண்ணீர் சுத்தமாக இருக்கிறது’ என்று உண்மையாகவே அறிக்கை எழுதிவிட முடியும். கீழ்ச்சரிவில் அதே தண்ணீரைக் குடிப்பவர்களுக்கு அந்த அறிக்கையால் என்ன பயன்? மேற்சரிவு மாதிரி ஒப்பிட்டுப் பார்க்கத்தான். கசிவைப் பிடிப்பது கீழ்ச்சரிவு மாதிரி.

குப்பைக் கசிவைக் கண்டுகொள்ள முதலில் பார்ப்பவற்றுள் ஒன்று குளோரைடு. அது மண்ணில் அதிகம் ஒட்டாமல் நீரோடு போகும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு ஏற்கத்தக்க வரம்பு. கடலோரத்தில் உப்புநீராலும் குளோரைடு கூடும் என்பதால், அம்மோனியா, கன உலோகங்கள் ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், கிடங்கின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் உள்ள நிலத்தடி நீரைக் கோடை, மழைக்காலம், மழைக்குப் பின் என மூன்று பருவங்களிலும் சோதிக்கச் சொல்லின. பருவத்தோடு நீர்மட்டம் மாறும். அக்கம்பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் இறைக்கும் அளவைப் பொறுத்துத் திசையே மாறலாம். சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் கிடங்கு போன்ற பழைய இடங்களில், கசிவைத் தடுக்க அடியில் விரிப்பே போடாமல்தான் குப்பையைக் கொட்டினார்கள். அங்கெல்லாம் கசிவை முன்கூட்டிச் சொல்ல இந்தக் குழாய்களை விட்டால் வேறு வழி குறைவு.

இனி தமிழ்ச் சொல். ‘அழுத்தமானி’ என்பது வேருக்கு நேரானது. ஆனால் காற்றழுத்தமானி, இரத்த அழுத்தமானி என்று அது ஏற்கெனவே பல கருவிகளுக்குப் பொதுவாகிவிட்டது. ‘நீர்மட்டமானி’ தவறான பொருளைத் தரும்; களிமண் அடுக்குக்குக் கீழே அழுத்தத்தில் இருக்கும் நீர், குழாய்க்குள் அந்த அடுக்கின் அடிப்பகுதியைத் தாண்டி மேலேறி நிற்கும். அது நிலத்தடி நீர்மட்டம் அன்று. ‘நிலநீர் அழுத்தமானி’ என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. எங்கே அளக்கிறது, எதை அளக்கிறது என்ற இரண்டும் அதில் உண்டு. ஒரே இடத்தில் பல ஆழங்களுக்கு இறக்கியவற்றை ‘நிலநீர் அழுத்தமானித் தொகுதி’ எனலாம். மாதிரி எடுக்கும் குழாய்க்குக் கண்காணிப்புக் கிணறு என்ற பெயரே இருக்கட்டும்.